விளக்கேற்றக் கொடுத்த சாவி

சாவியை அண்ணியேதான் கொடுத்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் பிடுங்கவில்லை, மிரட்டவில்லை, திருடவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து, கை நீட்டிக் கொடுத்தாள். பிறகு நாங்கள் ஏறி இறங்கிய இடத்திலெல்லாம் சாவியை யார் கொடுத்தது, யார் கொடுத்தது என்றுதான் கேட்டார்கள். எதற்குக் கொடுத்தாய் என்று ஒரு மனுஷராவது கேட்டிருந்தால் எனக்கு இந்த ஆத்திரம் இருந்திருக்காது.

என் அண்ணன் உலகநாதன் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. பாகூர் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பத்துப் பதினோரு வருடமாகக் குடக்கூலிக்கு இருந்தான். மாடியில் வீட்டுக்காரர் இராமச்சந்திரன், கீழே அண்ணனும் அண்ணி தையலம்மாளும். பிள்ளை குட்டி கிடையாது. செலியமேட்டில் எங்கள் அப்பா கட்டிய வீடு அப்பா இருக்கும்போதே கடனுக்குப் போய்விட்டது. ஆகவே இராமச்சந்திரன் வீட்டின் கீழ்ப்பகுதிதான் அண்ணனுக்கு வீடு என்று இருந்த ஒரே இடம்.

இராமச்சந்திரன் கடைத்தெருவில் பெயிண்டும் ஆணியும் கயிறும் விற்கிறவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் கோபப்படுவதற்காவது சுலபமாக இருந்திருக்கும். அவர் மனைவி சிவகாமசுந்தரி அதைவிட நல்லவள். ஒவ்வொரு மாதமும் அண்ணி வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தம்மா ரசீது கொடுக்க மாட்டாள், ஒரு முழம் பூ கொடுப்பாள். அண்ணி அதைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வருவாள். கணக்கு அத்தோடு முடிந்தது.

அண்ணனுக்கு வயிற்றில் கட்டி வந்து, சோறு இறங்காமல் போய், டவுன் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலைமை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஆட்டோ வாசலில் நிற்கிறது. அண்ணி கதவைப் பூட்டும்போது சிவகாமசுந்தரி மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள்.

"தையலு, எத்தினி நாள் ஆவும்னு தெரியாது. வெள்ளிக்கெழமையும் அதுவுமா வூடு இருட்டாக் கெடக்கக் கூடாதுடி. சாவியக் குடுத்துட்டுப் போ. சாயங்காலமானா நான் வந்து விளக்கேத்திடறேன்."

எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் யோசிக்க மாட்டார்கள். வீட்டு ஆம்பளை உடம்பு முடியாமல் வெளியே கிடக்கும்போது வீட்டில் விளக்கு எரியாமல் இருப்பதாவது! திரும்பி வருகிறவனுக்கு வழி தெரிய வேண்டாமா? அண்ணி கண்ணில் தண்ணீரோடு, "நல்லா இருப்பீங்கக்கா" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அந்தம்மாவின் மேல் அப்போது அன்புதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். "வூட்டுக்கு அழைச்சிக்கிட்டுப் போங்கம்மா. கேக்கறத சாப்பிடக் குடுங்க" என்றார் டாக்டர். அண்ணன் காதில் முதல் பாதிதான் விழுந்திருக்கிறது. "வூட்டுக்குப் போவலாமா?" என்று முகம் மலர்ந்து கேட்டான். அண்ணி வராந்தாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அருளு, வேற ஒண்ணும் வேணாம். அவரு அந்த முன்ரூம்ல, ஜன்னலுக்குக் கீழ படுத்து, நம்ம வாசல்ல இருந்து போவட்டும். அது போதும் எனக்கு."

வேறு எதையும் கேட்காத இரண்டு பேர். இதையாவது கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டைக் கூட்டித் துடைத்து வைக்கலாம் என்று அண்ணியும் நானும் பாகூருக்குப் போனால், கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது. அவர் கடையிலேயே விற்கிற பெரிய பித்தளைப் பூட்டு. சத்தம் கேட்டு இராமச்சந்திரன் இறங்கி வந்தார். எங்களைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்தே பேசினார்.

"தப்பா எடுத்துக்காத தையலு. எம் புள்ள ராஜேஷுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. பொண்ணு வந்து எறங்கப் போற வூடு இது. அவரு நெலம எல்லாருக்கும் தெரியும். ஆண்டவன் புண்ணியத்துல நல்ல நட்சத்திரத்துல போனாப் பரவாயில்ல. அடைப்பு நட்சத்திரத்துல போயிட்டா இன்னா பண்றது? ஆறு மாசம் வூட்ட அடைச்சிப் போடணும். கல்யாணம் நிக்கும்."

அடைப்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், இறந்த இடத்தை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும் என்பார்கள். இவர் சாவதற்கு முன்னாலேயே பூட்டிவிட்டார்.

"உங்க சாமான் ஒண்ணும் போவாது. அட்வான்ஸும் குடுத்துடறேன். பொறுமையா வந்து எடுத்துக்கலாம்" என்றார்.

"அண்ணே, அவரு வூட்டுக்குப் போவணும்னு கேக்கறாரு" என்றாள் அண்ணி.

"புரியுதும்மா" என்றார் அவர். நிஜமாகவே அவருக்குப் புரிந்துதான் இருந்தது. கண் கலங்கியிருந்தது. பூட்டை மட்டும் திறக்கவில்லை.

உன் வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கக் கூடாதா என்று என்னைக் கேட்பீர்கள். நான் வாழ்க்கைப்பட்டது சோரியாங்குப்பத்தில். அன்றே என் மாமியாரிடம் கேட்டேன். "பொறந்த வூட்டு ஆளுங்க சாவு இந்த வாசல்ல இருந்து எடுக்கக் கூடாதுடி, ஆகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இராமச்சந்திரனை மட்டும் திட்டிக்கொண்டிருக்க எனக்கு வாய் இல்லை.

வாடகைத் தகராறைத் தீர்க்க ஓர் ஆபீஸ் இருக்கிறது, மனு போட்டால் கதவைத் திறக்க வைப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். என்னோடு படித்தவளின் தங்கை ஜோஸ்பின் வக்கீலாக இருந்தாள். தனக்கென்று ஒன்றும் வேண்டாம், ஸ்டாம்புச் செலவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அண்ணனை ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லி நர்சிடம் கெஞ்சிவிட்டு நாங்கள் அவளிடம் போய் உட்கார்ந்தோம்.

மனுவுக்கு ஒரு படிவம். அதோடு பிரமாண வாக்குமூலம், அதற்கு ஒரு நோட்டரி முத்திரை. வக்காலத்துக்கு ஒரு ஸ்டாம்பு, மனுவுக்கு ஒரு ஸ்டாம்பு. எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் கொண்டுபோகிறவருக்குப் பேட்டா. எல்லாம் மூன்று மூன்று காப்பி. கடைசியில் பார்த்தால் கவர்மென்டுக்குக் கட்டியதைவிட ஜெராக்ஸ் கடைக்குக் கட்டியது அதிகம். அந்த ஆபீஸ் வாசலில் சண்டை போடுகிற ஜனங்களால் யார் பிழைக்கிறார்களோ இல்லையோ, ஜெராக்ஸ் கடைக்காரன் பிழைக்கிறான்.

ஜோஸ்பின் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"வாடகை ஒப்பந்தம் எழுதியிருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"ரசீது?"

"பூவு குடுப்பாங்க" என்றாள் அண்ணி.

பூவை மனுவோடு இணைக்க முடியாது. சிவப்பு ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அந்த வீட்டு முகவரி இருந்ததால் அதை வைத்துச் சமாளிக்கலாம் என்றாள் ஜோஸ்பின்.

"கட்டடம் இப்ப யாரோட சுவாதீனத்துல இருக்குது?"

"அப்டின்னா?"

"வூடு யார் கையில இருக்குதும்மா?"

"சாமான் பூரா எங்களுது. பூட்டு அவங்களுது."

"உங்க சாவி இன்னா ஆச்சு?"

"நாந்தான் குடுத்தேன்."

ஜோஸ்பின் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அண்ணி விளக்கு விஷயத்தைச் சொன்னாள். ஜோஸ்பின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நம்புறேன்மா. ஆனா சாவியக் குடுத்தோம்னு நாமளே எழுதினா வூட்ட ஒப்படைச்சிட்டதா ஆயிடும். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப பூட்ட மாத்திட்டாங்கன்னு மட்டும் எழுதறேன். அது உண்மைதானே? சாவியப் பத்தி நாம பேசவே வேணாம்."

உண்மைதான். நான்கூட, "அதான் சரி" என்றேன். அண்ணி மட்டும் தயங்கினாள். "அக்கா மேல பழி வராதுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

மனு கொடுத்த இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டது. மனுவில் குறை இருக்கிறது, வழக்கு நம்பர் இன்னும் ஆகவில்லை என்றார் அங்கிருந்த கிளார்க். அவசரமாக வீட்டைத் திறந்துவிடச் சொல்ல வேண்டுமானால் அதற்குத் தனி மனு, தனி வாக்குமூலம், தனிக் கட்டணமாம்.

"உயிர் போயிக்கிட்டு இருக்குது சார்" என்றேன்.

"அதத்தாம்மா அந்த மனுவுல எழுதணும்" என்றார். நக்கல் இல்லை. நல்லபடியாகவே சொன்னார். எந்த ஸ்டாம்பு எங்கே கிடைக்கும் என்றுகூடச் சொல்லி அனுப்பினார். அந்த மாதம் நான் பார்த்தவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள்தான்.

குறையைச் சரிசெய்து அவசர மனுவும் போட்டோம். நம்பர் ஆனது. நோட்டீஸ் போனது. இதற்குள் வார்டில் கட்டில் வேண்டும் என்று அண்ணனை வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் அவன், "நாளைக்கி வூட்டுக்குப் போறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். குரல் நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டு வந்தது.

விசாரணை நாளில் இராமச்சந்திரன் சலவைச் சட்டையில் வந்திருந்தார். பக்கத்தில் சிவகாமசுந்தரி. அவர்களுடைய வக்கீல் எழுந்து முதலில் சொன்னதே சாவியைப் பற்றித்தான். "மனுதாரர் தானாக முன்வந்து சாவியை ஒப்படைத்துவிட்டார். சுவாதீனம் அன்றைக்கே எங்களிடம் வந்துவிட்டது."

விசாரித்த அதிகாரி எங்கள் மனுவைப் புரட்டினார். ஒரு முறை புரட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். "சாவியப் பத்தி உங்க மனுவுல ஒரு வார்த்தைகூட இல்லையே?" என்றார். ஜோஸ்பின் ஏதோ இங்கிலீஷில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு சிவகாமசுந்தரியைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. சாவி உங்க கைக்கு எப்படி வந்தது? நீங்களா எடுத்தீங்களா, அவங்க குடுத்தாங்களா?"

அந்தம்மா அண்ணியைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் சார், எதற்கு என்று கேளுங்கள் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அவங்கதாங்க குடுத்தாங்க" என்றாள் அந்தம்மா.

"விளக்கேத்தக் குடுத்தேன் சார்!" அண்ணி கத்திவிட்டாள். "வெள்ளிக்கெழம விளக்கேத்த! அக்காவக் கேளுங்க, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க!"

"அது மனுவுல இல்லம்மா. இல்லாதத நான் எப்படிக் கேக்கறது?" என்றார் அதிகாரி. ஜோஸ்பினைப் பார்த்து, "திருத்த மனு போடுங்க. ரெண்டு தரப்பையும் முழுசா விசாரிச்சுத்தான் சுவாதீனத்த முடிவு பண்ண முடியும். இப்ப கதவத் தெறக்கச் சொல்லி உத்தரவு போட முடியாது" என்றார். வாய்தா போட்டார்கள். அடுத்த மாதம்.

திருத்த மனுவுக்கும் ஒரு படிவம் இருக்கிறது. அதற்கும் கட்டணம் உண்டு.

வெளியே மாடிப்படியில் சிவகாமசுந்தரி எங்களை எட்டிப் பிடித்தாள். அண்ணியின் முழங்கையைத் தொட்டாள். "தெனம் ஏத்திக்கிட்டுத்தான் இருக்கேன் தையலு. இந்நேரம் வரைக்கும் ஒரு நாள் தவறல. உள்ள வேற எதையும் தொடல."

"தெரியும்க்கா" என்றாள் அண்ணி.

"இத உள்ள சொல்றதுக்கு இன்னா?" என்று நான் பாய்ந்தேன். அந்தம்மா அழுதுகொண்டே, "எதுக்குன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அருளு. அவரு பக்கத்துல நிக்கறாரு, நானா எப்படிச் சொல்றது?" என்றாள். அவளை அறைய வேண்டும் என்றும் இருந்தது, பாவம் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் படியிறங்கினேன்.

அண்ணனை இனியும் வைத்துக்கொள்ள முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் பல வருடம் கரும்பு வெட்டிக் கொடுத்த புகழ்வேந்தன் என்பவர், செலியமேட்டில் தன் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகையில் வேண்டுமானால் படுக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ராமு என்ற பையன் தன் மாருதி வேனைக் கொண்டுவந்தான். பின் சீட்டை எடுத்துவிட்டுப் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். அண்ணன் தலை அண்ணி மடியில்.

"வூட்டுக்குத்தான?" என்று கேட்டான்.

அண்ணி என்னைப் பார்த்தாள். "பாகூர் வழியா ஒரு சுத்து சுத்திக்கிட்டுப் போ ராமு" என்றேன். வெளியே இருந்தாவது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

ஏரிக்கரையைத் தாண்டும்போது பொழுது இறங்கிவிட்டது. சந்துக்குள் நுழைந்து வீட்டுக்கு எதிரே ராமு வண்டியை நிறுத்தி அதன் பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்தான். முன்ரூம் ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே அண்ணியின் கல்யாணச் சீர் காமாட்சி விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது. அந்தம்மா சொன்னது சத்தியம்தான். ஒரு நாள் தவறவில்லை.

அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"தையலு, நம்ம வூட்ல விளக்கு எரியுது பாரு."

"ஆமாங்க."

"உள்ள யாரு இருக்கறாங்க?"

அண்ணி அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். "நாமதான் இருக்கறோம்" என்றாள்.

"அப்பக் கதவத் தெறக்கச் சொல்லு."

அண்ணி அவன் தலையை மெதுவாகத் தூக்கி என் மடியில் வைத்தாள். வண்டியிலிருந்து இறங்கி, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்து போய் அந்தக் கதவைத் தட்டினாள். வெளியே பூட்டுத் தொங்குகிறது, அவள் தட்டுகிறாள். "தெறங்க" என்று குரல் கொடுத்தாள். மறுபடி தட்டினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று தட்டினாள். நான் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எனக்கு முதலில் தெரிந்தது. அவன் கண் ஜன்னல் மேலேயே இருந்தது. மூச்சு இல்லை.

"அண்ணி, போதும்" என்றேன். "வாங்க."

அவள் போட்ட சத்தத்தில் சந்து முழுக்க வெளியே வந்துவிட்டது. இராமச்சந்திரன் வேட்டியை இறுக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தார். வண்டியையும் தன் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டிய... கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

சிவகாமசுந்தரி வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அழுகைக்கு நடுவே அந்தப் பைத்தியக்காரி சொல்கிறாள்: "இன்னைக்கு அனுஷம் தையலு. காலையிலதான் காலண்டர் பாத்தேன். அடைப்பே இல்லடி. உள்ள வெச்சிருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காது."

ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் வாயைத் திறந்தால் அந்தத் தெரு தாங்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் அழுகை சட்டென்று நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தம்மாவின் கையை விலக்கிவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த விளக்க எடுத்தாங்கக்கா. தலைமாட்டுல வெக்கணும்."

சிவகாமசுந்தரி புருஷனைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். இத்தனை மனு, இத்தனை ஸ்டாம்பு போட்டும் திறக்காத கதவு ஒரு நிமிடத்தில் திறந்தது. உள்ளே போனவள் விளக்கை முந்தானையால் மறைத்துக்கொண்டு அணையாமல் கொண்டுவந்தாள். அண்ணி வாங்கி, வண்டிக்குள் அண்ணனின் தலைமாட்டில் வைத்து, காற்றுப் படாமல் கையால் மறைத்துக்கொண்டாள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. வீடு இருட்டாக இருந்தது.

ஜோஸ்பின் எழுதிக் கொடுத்த திருத்த மனு என் பையிலேயே இருந்தது. மனுதாரர் முகவரி என்ற இடத்தில் அந்த வீட்டின் நம்பர்தான் எழுதியிருந்தது.

ராமு என்ஜினைப் போட்டுவிட்டுத் திரும்பினான். கொட்டகை கொடுத்தவரிடம் உயிரோடு இருக்கிற ஆளுக்குத்தான் இடம் கேட்டிருந்தோம் என்பது அவனுக்கும் தெரியும். இருட்டிவிட்டால் எடுக்கவும் மாட்டார்கள். விடிகிற வரைக்கும் எங்கேயாவது கிடத்த வேண்டும்.

"எங்கக்கா போவணும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

அண்ணி விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் சொல்ல இடம் தெரியவில்லை. ராமு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்துவிட்டான்.